என் கைக்கென்றே பிறந்த கத்தி

பேச்சாளர்களுக்குப் பயமே கிடையாது என்பது பேச்சாளர்களே கிளப்பிவிட்ட செய்தி. அதை ஊரெங்கும் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. மாட்டுங்கா, மாஹிம், மான்குர்த் என்று மும்பையில் தமிழ் ஒலிக்கும் மேடை எங்கே இருந்தாலும் ஏறி, "அச்சம் என்ற சொல்லுக்கு என் அகராதியில் இடமில்லை" என்று முழங்கியிருக்கிறேன். (எங்கள் வீட்டில் அகராதி என்ற ஒன்றே இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.)

ஆனால் கல்லூரியின் கடைசி ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும், காய்கறி நறுக்கும் கத்தி ஒன்றுக்குப் பயந்து நான் நடுங்கியிருக்கிறேன். அது திருடன் கையிலிருந்த கத்தியும் அல்ல, எதிரி கையிலிருந்த கத்தியும் அல்ல. என் கையை அளவெடுத்து, எனக்கென்றே அடித்துத் தீட்டிய கத்தி. அதனால்தான் அவ்வளவு பயம்.

செம்பூரில் ஒரு தமிழ் மன்றம். அதன் செயலாளருக்கு மாமியாரா மருமகளா, பணமா பாசமா என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒருநாள் அவர் வீட்டில் புதிதாக வாங்கிய கத்தி பூசணிக்காயின் நடுவே பிடியைவிட்டுக் கழன்றிருக்கிறது. அந்த ஆத்திரத்தில் அவர் ஆண்டுவிழாப் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு வைத்தார்: "சமையலறைக்கு உகந்தது கையால் செய்த கத்தியா? ஆலையில் செய்த கத்தியா?" கையால் செய்த கத்தியின் பக்கம் பேச என்னை அழைத்தார்கள். அந்தக் கத்தியைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் கிடையாது. அது ஒரு தடையே அல்ல. பட்டிமன்றப் பேச்சாளருக்குக் கருத்து என்பது வாடகை வீடு. குடியிருக்கும்வரை சொந்த வீடுபோலச் சுவரெல்லாம் ஆணி அடிப்போம்.

கத்தியைப் பற்றிப் பேசினால் போதாது, ஒன்றை மேடையில் உயர்த்திக் காட்ட வேண்டும் என்று தீர்மானித்தேன். காதர் மாமாவிடம் போனேன்.

காதர் மாமா தாராவியில் எங்கள் தெருவுக்குப் பின்சந்தில் பட்டறை வைத்திருப்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். தோல் பட்டறைக்காரர்கள் தோல் அறுக்கும் கத்திக்கு அவரைத்தான் தேடி வருவார்கள். அந்த ஆண்டுதான் அவர் சமையல் கத்தியிலும் இறங்கியிருந்தார். ஆளுக்கு ஆள் கையளவு எடுத்து, தனித்தனியாகச் செய்வது. அடக்கம் என்பது அவரிடம் துளியும் கிடையாது. "பிள்ள, நான் அடிச்ச கத்தி இருக்குல்லா, அது தக்காளியை வெட்டாது. பக்கத்துல கொண்டு போனாலே தக்காளி தானா ரெண்டா பிரிஞ்சு வழி விடும்" என்பார். ஆனால் தக்காளி நறுக்குகிற ஒருவரும் இதுவரை அவரிடம் வரவில்லை.

"தோல்காரன் வாங்குவான். குடும்பப் பொம்பள எவ வாங்குவா?" என்று அவர் மனைவி பாத்திமா மாமி உள்ளேயிருந்து கேட்டார். "ஸ்டேஷன் வாசல்லயே கத்தி குவிஞ்சு கெடக்கு."

"இவ பேசட்டும், பொறவு பாரு" என்றார் காதர் மாமா. பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "எஸ்தரு, உன்னைத்தான் நம்பியிருக்கேன். செம்பூர் சனம் அம்புட்டும் அங்கதான் இருக்கும். அன்னிக்கு இந்தக் கத்திக்கு நல்ல பேரு வந்துட்டா எனக்கு இது ஒரு தொழிலு. வரலன்னா வீட்டுக்காரி சொன்னதுதான் சரி; நான் பழையபடி தோல்காரனுக்கே அடிச்சிட்டுக் கெடப்பேன்."

"மாமா, உங்கள் கத்தியின் புகழ் இனி என் பொறுப்பு" என்றேன். (அப்போதெல்லாம் நான் வீட்டிலும் இப்படித்தான் பேசுவேன். அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.)

அவர் கையளவு எடுக்கும் முறை வினோதமானது. பாத்திமா மாமி சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு பெரிய உருண்டையைக் கிள்ளி, நீளவாக்கில் உருட்டி, என் முன்னால் வைத்தார். கத்தியைப் பிடிப்பதுபோல அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். மாவில் பதியும் விரல் தடத்தைப் பார்த்துப் பிடியைச் செதுக்குவார்.

"எந்தக் கையில பிடிப்ப?" என்று கேட்டார்.

எளிய கேள்வி. இதற்கு நான் சொன்ன பதிலை விளக்க வேண்டுமானால், என் பேச்சுப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. எழுதுவது, தலை வாருவது, பூட்டைத் திறப்பது, காய் நறுக்குவது எல்லாம் இடக்கைதான். ஆனால் எனக்கு மேடைப்பேச்சு கற்பித்த ஆசிரியர் முதல் வகுப்பிலேயே விதி வகுத்துவிட்டார்: இடக்கை ஒலிவாங்கிக்கு, வலக்கை கருத்துக்கு. இடக்கையை அவையை நோக்கி நீட்டக் கூடாது. வலக்கையைச் சும்மா தொங்கவிடக் கூடாது. உலகமே இடிந்து விழுந்தாலும் ஒலிவாங்கியைக் கீழே வைக்கக் கூடாது. பத்து வயதில் மனத்தில் ஏறிய சட்டம். ஆகவே நான் வீட்டில் ஒரு கைக்காரி, மேடையில் இன்னொரு கைக்காரி.

காதர் மாமா கேட்டதும் என் மனக்கண்ணில் சமையலறை வரவில்லை. செம்பூர் மேடைதான் வந்தது. விளக்கொளி, கைதட்டல், உயர்த்திய கத்தி.

"வலக்கை!" என்றேன், வாக்கெடுப்பில் வென்றவளைப்போல.

அத்துடன் விட்டேனா? மாவைப் பிடித்தபோதும் மேடையில் எதிரணியைச் சுட்டுவதுபோல ஆள்காட்டி விரலை நேராக நீட்டிப் பிடித்தேன். காதர் மாமா அந்தத் தடத்தை வியப்புடன் பார்த்தார். "இப்படிப் பிடிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பட்டிமன்றத்தன்று காலையில்தான் கத்தி கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்து மெய்ம்மறந்தேன். லாரி ஸ்பிரிங்கின் வில்பட்டை இரும்பில் அடித்தது. கறுத்த உடல், விளிம்பில் மட்டும் வெள்ளிக்கோடு. பிடியில் மற்ற விரல்களுக்குச் சிறு குழிகள், ஆள்காட்டி விரலுக்கு மட்டும் நீண்ட பள்ளம். தோல் கத்தியைப்போல ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டியிருந்தார். "ஒரு பக்கம் தீட்டுனாத்தான் சீவல் ஒட்டாம விலகி விழும். ஆனா, எந்தக் கைக்குச் செஞ்சமோ அந்தக் கைக்குத்தான் அது பேசும்" என்று பெருமையோடு சொல்லிவிட்டு, குளித்துப் புதுச்சட்டை போடக் கிளம்பிப் போனார்.

அம்மா ஒரு உருளைக்கிழங்கை நீட்டினாள். "எங்க, வெட்டு பாப்போம்."

இயல்பாக இடக்கையில் எடுத்தேன். பிடியின் குழிகள் ஒன்றுகூட என் விரல்களுக்கு இடம் தரவில்லை. அடுத்தவர் செருப்பைப் போட்டதுபோல இருந்தது. அழுத்தினேன். கத்தி நான் காட்டிய வழியில் போகாமல் கோணலாக ஓடி, கிழங்கைத் தாண்டி, பலகையில் குத்திட்டு நின்றது. என் கட்டைவிரலுக்கும் அதற்கும் நடுவே நூலளவுதான் இடைவெளி.

அந்த நொடியில்தான் புரிந்தது.

"ஏட்டி," என்றாள் அம்மா மெதுவாக, "காதரு அண்ணன்ட்ட எந்தக் கைன்னு சொன்ன?"

"வலக்கை."

"ஏன்?"

"மேடையில் அதுதான் மரபு."

அம்மா சுவரில் மாட்டியிருந்த இயேசுநாதர் படத்தைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு இன்னொரு கிழங்கை நீட்டினாள்.

சரி, வலக்கையாலேயே நறுக்கப் பழகிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். என் வலக்கை உவமை காட்டும், வானத்தை அளக்கும், எதிரணியைத் தூற்றும். கிழங்கு நறுக்கியதே இல்லை. ஒவ்வொரு வெட்டிலும் கண்ணை மூடிக்கொண்டேன். (கத்தியோடு கண்ணை மூடுவது எவ்வளவு பெரிய அறிவாளித்தனம் என்று அம்மா அடுத்த அறையிலிருந்து எடுத்துரைத்தாள்.) அன்று மதியம் எங்கள் வீட்டில் சமைத்த உருளைக்கிழங்குப் பொரியலில் ஒரு துண்டுபோல இன்னொரு துண்டு இல்லை.

"சும்மா காலி பிலி டென்ஷன் எடுக்காத," என்றாள் அம்மா. "அங்க யாரு உன்னய வெட்டச் சொல்லப் போறா? தூக்கிக் காட்டிட்டு உள்ள வச்சிரு."

அதையே பிடித்துக்கொண்டேன். தூக்கிக் காட்டுவது, உள்ளே வைப்பது. விரல்களும் தப்பும், மாமாவின் கத்திக்குப் பழியும் வராது.

கத்தியைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்து, அம்மாவுடன் சயானில் பேருந்து ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் அடுத்த பயம் வந்தது. பக்கத்து இருக்கையில் காக்கிச் சட்டை. வேலை முடிந்து வீடு போகும் போலீஸ்காரர். நான் பையை நெஞ்சோடு அணைத்தேன். பேருந்து குலுங்கியது, இன்னும் இறுக்கினேன். என் நெற்றியில் வழிந்த வியர்வையை அவர் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார்.

"க்யா ஹை மேடம் பேக் மே?" பையில் என்ன என்று கேட்டார்.

கத்தி என்று சொல்ல நாக்கு எழவில்லை. பொய் சொல்லவும் எழவில்லை. கத்தியைச் சுற்றிய துண்டுக்கு மேல் என் உரைக்குறிப்பு இருந்தது நினைவுக்கு வந்தது.

"பாஷண்," என்றேன். பேச்சு.

அவர் முகத்தில் ஒரு களைப்பு படர்ந்தது. எத்தனை பொதுக்கூட்டங்களுக்குக் காவல் நின்றவரோ! எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டார். என் வாழ்நாளில் என் பேச்சு இவ்வளவு விரைவாக ஒருவரை எழுப்பியது அன்றுதான்.

மண்டபம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் புதுச்சட்டையில் காதர் மாமா, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பாத்திமா மாமி. எங்கள் அம்மா அவர்களுக்கு அருகே உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பின்கட்டில் விருந்துக்குச் சப்பாத்தி மாவு பிசையும் சத்தம்.

ஆலைக் கத்திக்காகப் பேச வந்திருந்தவர் மாட்டுங்காவின் சீதா மாமி. வங்கியில் ஓய்வு பெற்றவர். நாக்குக்கு மட்டும் ஓய்வு தராதவர். வரும் வழியில் வாங்கிய காய்கறிப் பையோடு மேடை ஏறி, அதிலிருந்து பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பிளாஸ்டிக் பிடி போட்ட கத்திகளை மேசையில் கொட்டினார்.

"கத்தின்னா எப்படி இருக்கணும் தெரியுமோ? தொலைஞ்சா யாரும் அழப்படாது. வேலைக்காரி குப்பையோட போட்டுட்டாளா, சரி, இன்னொண்ணு. பக்கத்தாத்துல வாங்கிண்டு போய்த் திருப்பித் தரலையா, ஒழியட்டும், இன்னொண்ணு. ஒரு கத்திக்காக மனுஷாளோட சண்டை போடறதா?"

மண்டபம் அதிர்ந்தது. காதர் மாமாவின் முகம் வாடியது. பாத்திமா மாமியும் கைதட்டினார் என்பதை நான் கவனிக்கத் தவறவில்லை.

அடுத்து நான். வயருள்ள ஒலிவாங்கியை இடக்கையில் ஏந்தினேன். ஏந்தியதும் பயம் எங்கோ போய்விட்டது. அதுதான் மேடையின் மோசடி.

"நடுவர் அவர்களே! ஆலைக் கத்தி எத்தகையது? ஆயிரம் பேருக்குப் பொதுவாகப் பிறந்து, ஒருவருக்கும் உறவாகாமல் துருவேறி மடிவது! கையால் செய்த கத்தி எத்தகையது? இதோ!" வலக்கையை உயர்த்தினேன். விளக்கொளியில் வெள்ளிக்கோடு மின்னியது. மண்டபம் மூச்சை இழுத்தது. "இது என் கைக்கென்றே பிறந்த கத்தி! என் விரல் முடியும் இடத்தில் இதன் இரும்பு தொடங்குகிறது! இன்னொரு கை இதைத் தீண்டினால் இது பணியாது!"

கைதட்டல் ஓயவேயில்லை. காதர் மாமா எழுந்தே நின்றுவிட்டார். தூக்கிக் காட்டியாயிற்று, இனி உள்ளே வைக்க வேண்டும். துண்டை நோக்கிக் கை இறங்கியது.

"கொழந்தே," என்றது சீதா மாமியின் குரல், மேசையிலிருந்த வயரில்லா ஒலிவாங்கியில். "நன்னாப் பேசினே. எங்கே, ஒரு தக்காளி நறுக்கிக் காட்டு."

காய்கறிப் பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து என் முன்னால் வைத்தார். செக்கச் சிவந்த தக்காளி. அதைப் பார்த்ததும் என் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

நடுவர் பேராசிரியர். அவருக்குப் பயங்கர மகிழ்ச்சி. "நியாயமான கோரிக்கை! நடைபெறட்டும்!" என்றார். மண்டபம் "வெட்டு! வெட்டு!" என்று கூவியது. எல்லோரையும்விட உரக்கக் கூவியவர் காதர் மாமா.

இடக்கையால் வெட்டினால் கத்தி கோணும். மாமாவின் பெயர் கெடும். வலக்கையால் வெட்டினால் என்ன கெடும் என்று எனக்கே தெரியாது. வலக்கை என்று முடிவெடுத்தேன். யாராக இருந்தாலும் அப்போது ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, இடக்கையால் தக்காளியைப் பிடித்திருப்பார்கள். நான் வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்பது சட்டமாயிற்றே! ஒலிவாங்கியை வாயருகே பிடித்தபடி, பிடிமானமில்லாத தக்காளியை நோக்கி, "இதோ, வரலாறு..." என்று தொடங்கி, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, வெட்டினேன்.

டொப் என்று ஒரு சத்தம். பிறகு அமைதி.

கண்ணைத் திறந்தேன். தக்காளி உருண்டு மேடையைவிட்டு இறங்கி, அம்மாவின் காலடியில் நின்றிருந்தது. கத்தி மேசை விளிம்பில் இறங்கியிருந்தது. அதன் இரு பக்கமும் என் ஒலிவாங்கியின் வயர், அழகாக, சுத்தமாக, இரண்டாகக் கிடந்தது. நான் "அன்பார்ந்த அவையோரே" என்றேன். எனக்கே கேட்கவில்லை. ஒரு பேச்சாளர் தன் குரலைத் தானே வெட்டிக்கொண்ட காட்சியை அந்த மன்றம் அதற்கு முன் கண்டிருக்காது.

அந்தப் பேரமைதியில் ஒரே ஒரு குரல் எழுந்தது.

"பாத்தியளா! ஒரே வெட்டு! வயருன்னு கூடப் பாக்கல!" காதர் மாமா.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை வீறிட்டது. பின்வரிசையில் சிலர் எழுந்து வாசலை நோக்கி நகர்ந்தார்கள். "இந்தக் கத்தியெல்லாம் வீட்டுக்கு ஆகாதுப்பா" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. காதர் மாமாவுக்கும் கேட்டிருக்க வேண்டும், மெல்ல உட்கார்ந்தார். பாத்திமா மாமி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு அன்று எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அந்தக் கத்தியின் புகழ் என் பொறுப்பு என்று சொன்னவள் நான்.

"குடும்மா அதை," என்று சீதா மாமி எழுந்து வந்தார். "நீ பிடிச்சிண்டு நிக்கறதைப் பார்த்தா எனக்கு நெஞ்சு அடைக்கறது." என் மரத்துப்போன கையிலிருந்து கத்தியை விடுவித்தார். ஏதோ சொல்லவந்தவர் நின்றார். பிடியைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி பிடித்தார். அவருடைய ஆள்காட்டி விரல் அந்த நீண்ட பள்ளத்தில் போய், வீடு திரும்பியதுபோல உட்கார்ந்தது. உட்காராதா பின்னே? வங்கியிலும் வீட்டிலும் மேடையிலும் வாழ்நாளெல்லாம் விரலை நீட்டியே பேசியவர் அல்லவா!

பையிலிருந்து இன்னொரு தக்காளியை எடுத்தார். சீவினார். ஒரு வில்லை சத்தமில்லாமல் விலகி விழுந்தது. அதை விரலால் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். அதனூடே நடுவரின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

"நடுவர் அவர்களே, இன்னொரு கைக்குப் பணியாதுன்னா இவ. என் கைக்குப் பணிஞ்சுடுத்தே! ஆக, இவ வாதம் போச்சு" என்றார். சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. என் வாதம் உண்மையிலேயே போயிற்று. அத்துடன் மாமி தம் இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. இன்னொரு வில்லை சீவினார். இன்னொன்று. பட்டிமன்றத்தையே மறந்துவிட்டார். தக்காளி தீர்ந்ததும் வெள்ளரிக்காயை எடுத்தார். அதுவும் தீர்ந்தபோது, மண்டபம் முழுவதும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு பண்ணினது இதை?"

காதர் மாமா எழுந்தார். "நான்தான் மாமி."

"எனக்கு இது வேணும். இல்லேன்னா இதேமாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்கோ. என்ன பண்ணணும், கை காட்டணுமா?"

அப்போது எழுந்தவர் பாத்திமா மாமிதான். பின்கட்டுக்குப் போய், ஒரு தாம்பாளம் நிறையச் சப்பாத்தி மாவோடு திரும்பி வந்தார்.

நடுவர் தீர்ப்பை அவசர அவசரமாகச் சொன்னார்: ஆலையில் செய்த கத்தியே சமையலறைக்கு உகந்தது. சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி, கையால் செய்த கத்திக்கு அளவு கொடுக்கும் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் செயலாளர். அன்று விருந்தில் குருமா இருந்தது, சப்பாத்தி இல்லை. மாவெல்லாம் செம்பூர் மக்களின் விரல் தடங்களோடு தாராவிக்குப் போய்விட்டது.

வரிசை கலைந்தபின் அம்மா போட்டு உடைத்தாள். "அண்ணே, இவ இடக்கைக்காரி."

காதர் மாமா என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன். "நான் மேடைக்கா கத்தி அடிச்சேன்?" என்றார். அவ்வளவுதான். ஆனால் இன்றுவரை யார் அளவு கொடுக்க வந்தாலும், "எந்தக் கை?" என்று அவர் கேட்பதில்லை, மாவை நடுவில் வைத்துவிட்டு, எந்தக் கை முதலில் நீள்கிறது என்று பேசாமல் பார்க்கிறார்.

என் கைக்கென்றே பிறந்த கத்தி இப்போது மாட்டுங்காவில் இருக்கிறது. சீதா மாமி பதிலுக்குத் தந்த பச்சைப் பிடிக் கத்தியை நான் எந்தக் கையால் பிடித்தாலும் அது கண்டுகொள்வதில்லை.

மற்றபடி நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். கோபர்கைரனேயில் சென்ற மாதம் மேடையேறியபோது, ஒலிபெருக்கிக்காரர் என்னைப் பார்த்ததும் வயருள்ள ஒலிவாங்கியைச் சுருட்டித் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, பேட்டரி போட்டதை நீட்டினார். இரண்டு கைகளையும் விரித்து வெறுங்கை என்று காட்டினேன். அவர் நம்பவில்லை. வீட்டிலும் அதே கதிதான். நான் வெங்காயம் நறுக்கச் சமையலறைக்குள் நுழைந்தால், அம்மா அடுப்பை அணைக்கிறாளோ இல்லையோ, முதல் வேலையாக மிக்ஸியின் வயரைச் சுருட்டிப் பரண்மேல் வைக்கிறாள்.